1988 கோப்பை யாருடையது? விம்பிள்டன் கிளப்பின் கதை – விவாத இழை

பழையபந்து:

எம்.கே. டான்ஸ் என்ற கால்பந்துக் கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே இங்கிலாந்து ரசிகர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று பிரீமியர் லீக் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் தனி இழை. நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இருப்பவர்கள் உள்ளே வாருங்கள்.

கேள்வியை இப்படி வைக்கிறேன். 1988 இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) கோப்பையை வாங்கிய விம்பிள்டன் கிளப் இன்று எங்கே இருக்கிறது? லீகில் அதற்கு இருந்த இடத்தைத் தேடிப்போனால், தென் லண்டனில் இருக்கிற விம்பிள்டனை விட்டு சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் போய் நிற்பீர்கள். விம்பிள்டன்காரர்களைக் கேட்டால், "அது எங்கேயும் போகவில்லை, 2002 இல் நாங்களே திரும்ப எழுப்பிவிட்டோம்" என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முதலிலிருந்து வர வேண்டும்.

1889 இல் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ் என்று ஒரு குழு தொடங்கினார்கள். ஆட்டம் விம்பிள்டன் காமன் என்கிற பொதுப் புல்வெளியில். உடை மாற்றிக்கொள்ளப் பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ் அண்ட் கிரேப்ஸ் பப். 1912 இல் பிளவ் லேன் மைதானத்துக்குக் குடிவந்தார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அமெச்சூர் ஆட்டம்தான், வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை பந்து. சும்மா சொல்லக்கூடாது, அந்த மட்டத்தில் பெரிய கைகள். இஸ்த்மியன் லீக் என்ற அமெச்சூர் லீகை 8 முறை வென்றார்கள். 1963 இல் வெம்ப்ளியில் அமெச்சூர் கோப்பை ஃபைனலில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று ஜெயித்தார்கள். நான்கு கோலும் எடி ரெனால்ட்ஸ் போட்டது, நான்கும் தலையால் முட்டியது! 1964 இல் சதர்ன் லீகுக்கு மாறி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற கிளப் ஆனார்கள்.

நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது 1975 ஜனவரியில். நான்கு டிவிஷன் கொண்ட தேசிய லீகிலேயே இல்லாத இவர்கள், அதன் உச்சியில் இருந்த முதல் டிவிஷன் அணியான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று வீழ்த்தினார்கள். அடுத்த சுற்றில் எதிரே யார் தெரியுமா? அப்போதைய இங்கிலாந்து சாம்பியன் லீட்ஸ், அதுவும் லீட்ஸ் மைதானத்தில். ஸ்கோர் 0-0. கடைசி பத்து நிமிடத்தில் லீட்ஸுக்கு ஒரு பெனால்டி. அடிக்க வந்தவர் பீட்டர் லோரிமர், பந்தை அவரைப் போல வேகமாக அடிக்க அன்றைக்கு ஆள் கிடையாது என்று பெயர். கோல்கீப்பர் டிக்கி கய் அதைப் பிடித்தார். மறு ஆட்டத்தில் ஜைல்ஸ் அடித்த பந்து தற்காப்பில் நின்ற டேவ் பாசெட் மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போய்விட்டது. 0-1, கதை முடிந்தது. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் திரும்ப வருவார்கள்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

அண்ணே, பாட்டி கதை மாதிரி ஆதியிலிருந்து போறீங்களே. வின்னி ஜோன்ஸ் எப்போ வருவார்?

பழையபந்து:

வருகிறார், பொறு ஆறுமுகம்.

1975, 76, 77 என்று தொடர்ந்து மூன்று வருடம் சதர்ன் லீக் சாம்பியன். ஆனாலும் மேலே போக வழி இல்லை. அந்தக் காலத்தில் கீழே ஜெயித்தால் தானாக மேலே ஏற முடியாது. லீகில் இருக்கிற கிளப்புகள் ஓட்டுப்போட்டு ஒருவரை வெளியேற்றினால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். தானாக ஏறும் முறை 1987 இல்தான் வந்தது. 1977 இல் வொர்க்கிங்டன் ஓட்டில் தோற்று வெளியே போக, விம்பிள்டன் நான்காம் டிவிஷனுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய வருடம் ரான் நோட்ஸ் என்பவர் இந்தக் கிளப்பை வாங்கியிருந்தார். என்ன விலைக்கு? 2,782 பவுண்டு. அச்சுப்பிழை இல்லை. 1979 இலேயே இந்த மனிதர் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, அங்கே இருந்த ஒரு சின்னக் கிளப்பையும் வாங்கிப் பார்த்தார். வரும்படி தேறாது என்று விட்டுவிட்டார். 2001 இல் திடீரென்று யாருக்கோ உதித்த யோசனை இல்லை அது.

நோட்ஸ் கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார். சாம் ஹம்மாம் என்ற லெபனான்காரர் முதலாளி. மேனேஜர் டேவ் பாசெட், அதே பாசெட்தான். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அணி 1983 இல் நான்காம் டிவிஷன் சாம்பியன். 1984 இல் இரண்டாம் டிவிஷன். 1986 இல் முதல் டிவிஷன். லீகுக்குள் வந்த ஒன்பதே வருடத்தில் உச்சாணிக் கொம்பு. அந்த செப்டம்பர் தொடக்கத்தில் சில நாள் பட்டியலில் முதலிடத்தில்கூட இருந்தார்கள்! சீசன் முடியும்போது 6 ஆவது.

இனி உன் ஆள். கட்டட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்த வின்னி ஜோன்ஸை வீல்ட்ஸ்டோன் என்கிற சின்னக் கிளப்பிலிருந்து கூட்டி வந்தார்கள். டென்னிஸ் வைஸ், ஜான் ஃபஷானு, ஆலன் கார்க், லாரி சான்செஸ், டேவ் பீசன்ட் என்று வேறெங்கும் விலைபோகாத ஆட்களின் கூட்டம். பேர் கிரேசி கேங். புதிதாக ஒருவன் வந்தால் அவன் துணியைக் கொளுத்துவார்கள். ஆட்டம்? பின்னாலிருந்து உயரத் தூக்கி அடி, முன்னால் ஃபஷானு முட்டட்டும், விழுகிற இரண்டாவது பந்தைப் பாய்ந்து பிடி. இங்கிலாந்து ஆட்டக்காரர் கேரி லினேக்கர், விம்பிள்டன் ஆட்டத்தை டிவியில் எழுத்தாக ஓடும் ஸ்கோரில் பார்ப்பதே நல்லது என்று நக்கலடித்தார்.

ரேவதி:

நக்கல் நியாயம்தானே? கிரேசி கேங்கைப் பற்றி எழுதும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். 1993 இல் ஃபஷானுவின் முழங்கை பட்டு டாட்டன்ஹாம் கேப்டன் கேரி மாபட்டின் கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் உடைந்தன. புதுப் பையன்களின் துணியைக் கொளுத்துவதை இன்றைக்கு ஒரு காலேஜ் ஹாஸ்டலில் செய்தால் ராகிங் என்று போலீஸ் வரும். ஏழைக் கிளப் பணக்காரக் கிளப்பை ஜெயித்தது அழகான கதை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இதையெல்லாம் குறும்பு என்று தள்ளிவிட முடியாது.

பழையபந்து:

தள்ளவில்லை ரேவதி. எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்காது. ஆனால் அந்தப் பட்ஜெட்டில் அழகாக ஆடப்போயிருந்தால் இரண்டாம் டிவிஷனையே தாண்டியிருக்க மாட்டார்கள். இன்னொன்று, முரட்டுத்தனம் மட்டும் இல்லை. எதிரணி ஆட்டங்களை வீடியோவில் போட்டுப் பார்த்துப் படிக்கிற பழக்கம் பாசெட்டுக்கு அப்போதே இருந்தது. அவர் போன பிறகு பாபி கோல்ட் மேனேஜர். கூடவே டான் ஹோ என்கிற பழம் தின்று கொட்டை போட்ட பயிற்சியாளர். 1988 ஃபைனலில் லிவர்பூலை அடக்கியதில் பாதிப் பங்கு ஹோவின் திட்டத்துக்கு.

ஆன்ஃபீல்டு வாசகன்:

லிவர்பூல் ரசிகனாக இதற்காகவே லாகின் செய்தேன். பியர்ட்ஸ்லி போட்ட கோல் என்ன ஆயிற்று? ஆண்டி தார்ன் இழுத்ததையும் மீறி, கோல்கீப்பர் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டுக் கோல் அடித்தார். அதற்குள் ரெஃபரி பிரையன் ஹில் ஃபவுலுக்கு விசில் ஊதிவிட்டார். ஃபவுல் செய்தவனுக்கு லாபம், வாங்கியவனுக்கு நஷ்டம். ஒரு வினாடி பொறுத்திருந்தால் உங்கள் அதிசயமே நடந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் வைஸ் ஃப்ரீ கிக் போட, சான்செஸ் தலையால் முட்ட, 37 ஆவது நிமிடத்தில் 1-0.

கையுறைக்காரன்:

பியர்ட்ஸ்லி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் உங்களுக்கும் கிடைக்கக்கூடாத ஒன்று கிடைத்தது. கிளைவ் குட்இயர் பந்தைத்தான் தொட்டார், ரீப்ளேயில் தெளிவாகத் தெரியும். அதற்கு பெனால்டி கொடுத்தார்கள்.

நான் ஆடியது கல்லூரி அணியில், அதுவும் கோல்கீப்பராக. அந்த பெனால்டியை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஜான் ஆல்ட்ரிட்ஜ் அந்த சீசனில் அதுவரை அடித்த பெனால்டி எல்லாம் கோல். அவருடைய தந்திரம் ஓடிவரும்போது நடுவில் ஒரு சின்னத் தயக்கம். அந்தத் தயக்கத்தில் கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக்கொண்டு மறுபக்கம் அடிப்பார். பீசன்ட் இதைப் படித்துவிட்டு வந்திருந்தார். தயக்கம் வருகிற நேரத்தில் அசையாமல் நின்றார். கோல்கீப்பர்களுக்குத் தெரியும், உடம்பு முழுக்க "பாய், பாய்" என்று கத்துகிற நேரம் அது. ஆல்ட்ரிட்ஜ் பார்த்தார், ஆள் அசையவில்லை, தனக்குப் பழக்கமான பக்கமே அடித்தார். பீசன்ட் தன் இடப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து வெளியே தட்டினார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் அதுவரை யாரும் பெனால்டியைத் தடுத்ததில்லை. கோப்பையைக் கேப்டனாக வாங்கிய முதல் கோல்கீப்பரும் அவர்தான். கொடுத்தது இளவரசி டயானா.

ஆன்ஃபீல்டு வாசகன்:

சரி, பீசன்டுக்கு ஒரு சலாம். ரெஃபரிக்கு இல்லை.

கணக்குப்புலி:

கோப்பைக் கதை எல்லாருக்கும் தெரியும். கிளப் செத்தது எதனால் என்பதைப் பேசுவோமே. மைதானத்தால். 1988 இல் ஜெயித்தும் ஐரோப்பாவில் ஆட முடியவில்லை, 1985 இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இங்கிலீஷ் கிளப்புகளுக்கு இருந்த தடை அப்போது நீங்கவில்லை. அந்த வருமானம் போயிற்று. அடுத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் செத்த விபத்து, அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, உயர் டிவிஷன் மைதானங்களில் எல்லாருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்ற விதி. பிளவ் லேன் பழைய கொட்டகை. அங்கே வந்த அதிகபட்சக் கூட்டமே 18,080 பேர், அதுவும் 1935 இல் எச்.எம்.எஸ். விக்டரி என்கிற கடற்படை அணியோடு ஆடிய அமெச்சூர் கோப்பை ஆட்டத்துக்கு! புதுப்பிக்க முடியாது என்று சொல்லி 1991 இல் கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள்.

பிரீமியர் லீக் தொடங்கியபோது இருந்த 22 கிளப்புகளில் விம்பிள்டனும் ஒன்று. ஜோ கினியர் மேனேஜராக இருந்த காலத்தில் 1994 இல் 6 ஆவது இடம்கூடப் பிடித்தார்கள். ஆனால் பார்க்க யார் வந்தார்கள்? 1993 ஜனவரியில் எவர்டன் ஆட்டத்துக்கு 3,039 பேர். வாசல் திறந்து ஆட்டம் நடத்தியதில் பிரீமியர் லீகின் மிகக் குறைந்த கூட்டம் அதுதான். 1998 இல் ஹம்மாம் பிளவ் லேனை சேஃப்வே சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றார். அதற்கு முன்பே கிளப்பின் பெரும்பங்கை நார்வேக்காரர்களான ரொக்கேவும் யெல்ஸ்டனும் வாங்கியிருந்தார்கள். டப்ளினுக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சுகூட அடிபட்டது.

அதனால் ஒரு சங்கடமான கேள்வி. மேல் டிவிஷனில் எவர்டன் மாதிரி ஓர் அணி வரும்போதே மூவாயிரம் பேர்தான் என்றால், "எங்கள் கிளப்பைத் திருடிவிட்டார்கள்" என்று பின்னால் அழுத கூட்டம் அப்போது எங்கே போயிருந்தது?

ரூட்டிங்வாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், 90களின் கடைசியில் இருந்து விம்பிள்டனுக்குப் பக்கத்தில் ரூட்டிங்கில் இருக்கிறேன். கணக்குப்புலி அண்ணையின் கேள்வியை இங்கேயும் கன பேர் கேட்பார்கள். விடை லேசானது. செல்ஹர்ஸ்ட் பார்க் விம்பிள்டனில் இல்லை. வரைபடத்தில் பார்த்தால் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் நேர் ரயில் இல்லை, சனிக்கிழமை பின்னேரம் தென் லண்டனை குறுக்கே கடக்கிறது என்ன பாடு என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளங்கும். அதோடு அது எதிர்க் கிளப்பின் வீடு. சுவர் முழுக்க அவர்களுடைய நிறம், கடையில் அவர்களுடைய தேநீர். சொந்த ஊரில் இருந்து பத்து வருசம் வெளியேற்றி வைத்துவிட்டு, "ஆட்கள் வரவில்லை, ஆகவே ஊரை மாற்றுகிறோம்" என்றால் அதில் என்ன நியாயம்?

இந்தப் பக்கம் தமிழ் ஆட்கள் நிறைய. விம்பிள்டன் எஃப்ரா வீதியில் கணபதி கோவில் இருக்கிறது, இப்போதைய மைதானத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். எங்கள் பொடியன்களில் பெரும்பாலானவர்கள் மான்செஸ்டர், ஆர்சனல் என்றுதான் கதைப்பார்கள். பக்கத்தில் இப்படி ஒரு கிளப் இருக்கிறது என்பதே பலருக்கு 2002 இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

பழையபந்து:

ரூட்டிங்வாசி, நீங்கள் வந்தது நல்லதாயிற்று. 2002 ஐ நீங்களே சொல்லுங்களேன்.

ரூட்டிங்வாசி:

சொல்கிறேன்.

2000 மே 14, சௌதாம்ப்டனில் 2-0 என்று தோற்று விம்பிள்டன் பிரீமியர் லீகில் இருந்து இறங்கியது. கோப்பை வென்று சரியாகப் பன்னிரண்டு வருசம், அதே தேதி. 2001 ஓகஸ்ட் மாதம் தலைவர் சார்ல்ஸ் கொப்பல் மில்டன் கீன்ஸுக்குப் போகிறோம் என்று அறிவித்தார். அங்கே பீட் விங்கல்மன் என்று ஒருவர், இசைத் தொழிலில் இருந்து வந்தவர். பெரிய மைதானம் கட்டும் திட்டம் வைத்திருந்தார். கூடவே அஸ்டா, ஐகியா கடைகளும் வரும். மைதானம் இருந்தால்தான் முழுத் திட்டமும் நகரும், மைதானத்துக்கு ஒரு லீக் கிளப் வேண்டும். புதிதாக ஒன்றைத் தொடங்கிக் கீழிருந்து ஏற எவ்வளவு காலம் ஆகும்? ஆகவே ஆயத்தமாக இருந்த ஒன்றைத் தேடினார்கள்.

லீக் முதலில் மறுத்தது. வழக்கு, மத்தியஸ்தம் என்று இழுபட்டு, கடைசியில் எஃப்.ஏ. மூன்று பேர் கொண்ட ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2002 மே 28, இரண்டுக்கு ஒன்று என்று ஆம் சொன்னார்கள். ஆதரவாளர்கள் விம்பிள்டனில் புதிதாக ஒரு கிளப் தொடங்கும் யோசனையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பில் ஒரு வசனம் இருக்கிறது: அது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று. இங்கே அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம். ஜூன் 29, ஆதரவாளர்கள் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கிளப்புக்கு, விம்பிள்டன் காமனில் யாரும் வரலாம் என்று ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். 230 பேர் அளவில் வந்தார்கள். 1889 இல் தொடங்கிய அதே புல்வெளி. ஜூலை 10 முதல் ஆட்டம், சட்டன் யுனைடெட்டோடு, சிநேகபூர்வ ஆட்டம். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்! ஆட்டம் முடிந்ததும் சனம் மைதானத்துக்குள் இறங்கி, வென்ற மாதிரிக் கொண்டாடியது. அதே வருசம் ஒக்டோபரில், இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆடிக்கொண்டிருந்த பழைய விம்பிள்டனின் ஆட்டம் ஒன்றுக்கு வந்தவர்கள் 849.

கணக்குப்புலி:

849 எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ரசிகர்கள் புறக்கணித்ததே கிளப்பைத் திவாலாக்கியது என்றும் சொல்லலாம் அல்லவா? 2003 ஜூனில் நிர்வாகம் கடன்காரர்கள் சார்பில் வந்த அதிகாரிகள் கைக்குப் போனது. செப்டம்பரில் மில்டன் கீன்ஸின் ஹாக்கி மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 2004 இல் கடைசி இடத்தில் முடித்து இறங்கி, விங்கல்மன் கைக்கு வந்து எம்.கே. டான்ஸ் ஆனது. அவர் வாங்காமல் விட்டிருந்தால் கிளப்பைக் கலைத்திருப்பார்கள். ஒரு வகையில் காப்பாற்றினார்.

ரேவதி:

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, வாடகை வரவில்லை என்று புலம்புவது போல இருக்கிறது இது.

கணக்குப்புலி:

இருக்கட்டும். ஆனால் மில்டன் கீன்ஸில் பிறந்த ஒரு குழந்தை என்ன பாவம் செய்தது? இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள், லீக் கிளப் கிடையாது. இன்று அங்கே வளர்ந்த பையன் தன் ஊர் அணிக்குக் கத்துகிறான். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கு ஆடிய டெலி ஆலி அந்த அகாடமியில் வளர்ந்தவர். 2014 இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தார்கள். அதையும் கள்ளக் கணக்கில் எழுதுவீர்களா?

பழையபந்து:

எழுத மாட்டேன். 4-0 அவர்களுடையது, ஆலி அவர்களுடையவர். என் சண்டை 2004 க்கு முந்தைய கணக்கைப் பற்றித்தான். அந்தக் கணக்கை அவர்களே மூடிவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று வருடம் 1988 கோப்பையைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேசிய அளவிலான ரசிகர் கூட்டமைப்பு அவர்களுடைய ரசிகர் சங்கத்தைச் சேர்க்க மறுத்தது. 2006 இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2007 இல் கோப்பைப் பிரதிகள், பழைய நினைவுப் பொருட்கள் எல்லாவற்றையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். இப்போது எம்.கே. டான்ஸ் தன் தொடக்கம் 2004 என்றுதான் சொல்கிறது.

ஆக லீக் இடம் கை மாறியது, சட்டப்படி. வரலாறு மாறவில்லை. கணக்குப்புலி, நீங்களே சொல்லுங்கள், வாங்கியவரே "இது என்னுடையது இல்லை" என்று திருப்பிக் கொடுத்த பிறகு யார் என்ன வாதாட?

கணக்குப்புலி:

திருப்பிக் கொடுத்தது நெருக்கடியால். ஆனாலும் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. கோப்பை விம்பிள்டனுடையது, சரி. ஏ.எஃப்.சி. விம்பிள்டன்தான் அந்த விம்பிள்டன் என்பது தனிக் கேள்வி. அதற்கு இன்னும் நான் ஒப்பவில்லை.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

நான் ஒத்துக்கிட்டேன். அண்ணே, ஏ.எஃப்.சி. எப்படி மேலே வந்தாங்க? அதைச் சொல்லுங்க.

பழையபந்து:

கம்பைன்டு கவுன்டீஸ் லீக் என்ற அடிமட்டத்தில் தொடங்கினார்கள். ஆங்கிலக் கால்பந்து ஏணியில் ஒன்பதாவது படி. எதிரணிகளின் மைதானங்களில் வேலியும் ஒரு தேநீர்க் கொட்டகையும்தான் இருக்கும், அங்கே போய் இவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை லீகில் 78 ஆட்டம் தோல்வியே இல்லை. இங்கிலாந்தில் சீனியர் கால்பந்தில் இன்றும் அது சாதனை. கடைசியில் க்ரே வாண்டரர்ஸ் 2-0 என்று முடித்துவைத்தார்கள்.

2004, 2005, 2008, 2009 என்று படி ஏறி, 2011 மே 21 இல் மான்செஸ்டரில் லூட்டனோடு பிளேஆஃப் ஃபைனல், அதாவது லீகுக்குள் ஏறும் இடத்துக்கான கடைசி ஆட்டம். கோல் இல்லை, பெனால்டி. கோல்கீப்பர் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார். கேப்டன் டேனி கெட்வெல் கடைசிப் பந்தை வலைக்குள் ஏற்றினார், 4-3. முதலாளி என்று தனியாக யாரும் இல்லாத, ரசிகர்களின் டிரஸ்ட் நடத்துகிற கிளப் ஒன்பது வருடத்தில் லீகில். பழைய கிளப் நான்காம் டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு ஏறவும் ஒன்பது வருடம்தான் பிடித்தது. இந்தப் புதுக் கிளப்பின் கௌரவத் தலைவர் பதவியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? டிக்கி கய். லோரிமரின் பெனால்டியைப் பிடித்தவர். கணக்குப்புலி, "அதே கிளப்தானா" என்ற உங்கள் கேள்விக்கு நான் காட்டுகிற சாட்சி இவர்.

கையுறைக்காரன்:

எம்.கே. டான்ஸோடு நேருக்கு நேர் ஆடியதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? 2012 டிசம்பர் 2, எஃப்.ஏ. கோப்பை. மிட்சன் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். 90 நிமிடம் முடிந்து ரெஃபரி சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஓட்செமோபர் குதிகாலால் ஒன்றைத் தட்டி எம்.கே.வுக்கு 2-1. 2014 அக்டோபரில் அவர்கள் மைதானத்திலேயே பழி தீர்ந்தது, 3-2, வெற்றிக் கோல் அகின்ஃபென்வா. அந்த மனிதரைப் பார்த்தால் பளு தூக்க வந்தவர் என்றுதான் நினைப்பீர்கள். 2016 பிளேஆஃப் ஃபைனலில் பிளிமத்தை 2-0 என்று ஜெயித்து லீக் ஒன் என்கிற மூன்றாம் டிவிஷனுக்கு ஏறினார்கள். அதே சீசனில் எம்.கே. மேலிருந்து இறங்கி அதே டிவிஷனுக்கு வந்து சேர்ந்தது. 2018 இல் எம்.கே. இன்னும் ஒரு படி கீழே, விம்பிள்டன் அதே இடத்தில். அவர்கள் இல்லாத டிவிஷனில் இவர்கள் இருந்த அந்த மே மாதம் இணையத்தில் நடந்த கொண்டாட்டம் இருக்கிறதே!

இடையில் ஒரு கூத்து வேறு. 2017 இல் எம்.கே. விருந்தாளியாக வந்தபோது ஆட்டப் புத்தகத்தில் அவர்கள் பெயரோடு, விம்பிள்டனின் பழைய செல்லப்பெயரான "டான்ஸ்" என்பதை அச்சிட விம்பிள்டன் மறுத்தது. லீக் இதற்குக் குற்றச்சாட்டே பதிவு செய்து, அப்புறம் கைவிட்டது. பெரியவர்கள் நடந்துகொள்கிற லட்சணம்!

ரேவதி:

எல்லாரும் ஒரு பெயரைத் தவிர்க்கிறீர்கள். கிங்ஸ்டோனியன்.

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2002 லிருந்து ஆடிய கிங்ஸ்மெடோ மைதானம் கிங்ஸ்டோனியன் என்ற பழைய சின்னக் கிளப்பினுடைய வீடு. அந்தக் கிளப் கடனில் மூழ்கி மைதானம் வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது. 2003 இல் விம்பிள்டன்காரர்கள் அதை வாங்கினார்கள். கிங்ஸ்டோனியன் தன் வீட்டிலேயே குடித்தனக்காரர் ஆனது. பிறகு பிளவ் லேனில் புது மைதானம் கட்டப் பணம் வேண்டும் என்று விம்பிள்டன் கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றது. அதற்குப் பிறகு செல்சி பெண்கள் அணி அங்கே ஆடத் தொடங்கியது, அந்த அணியின் ஆட்டங்களை நான் விடாமல் பார்ப்பேன். கிங்ஸ்டோனியன் 2017 இல் வெளியேறி லெதர்ஹெட் மைதானத்தில் தஞ்சம் புகுந்தது. சொந்த ஊரில் மைதானம் இல்லை. மைதானம் போனதால் செத்த கிளப் ஒன்று, இன்னொரு கிளப்பின் மைதானத்தை விற்றுத் தன் வீட்டைக் கட்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் எழுதுகிற விம்பிள்டன் கதை எனக்கு அரைக்கதை.

பழையபந்து:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை ரேவதி. கிங்ஸ்டோனியனிடமிருந்து மைதானம் பறிபோனது விம்பிள்டனால் இல்லை, அதற்கு முன்பே போய்விட்டது. பல வருடம் குறைந்த வாடகைக்கு அவர்களை வைத்திருந்தார்கள். ஆனால் விற்கிற நேரம் வந்தபோது சொந்த வீடா, அடுத்தவன் கூரையா என்ற கேள்விக்கு எல்லாக் கிளப்பும் சொல்கிற பதிலைத்தான் விம்பிள்டனும் சொன்னது. உன்னதக் கிளப் என்று நான் சொல்ல வரவில்லை.

ரூட்டிங்வாசி:

ஓம், இங்கேயும் அதைப் பற்றி மனக்கசப்போடு கதைக்கிற விம்பிள்டன் ஆட்கள் இருக்கிறார்கள்.

புது மைதானம் பழையதற்கு மிகக் கிட்ட, முந்தி நாயோட்டப் பந்தயம் நடந்த இடத்தில். பழைய பிளவ் லேனில் சூப்பர் மார்க்கெட் வரவேயில்லை, அடுக்குமாடி வீடுகள் வந்தன. அதற்கு ரெனால்ட்ஸ் கேட் என்று பெயர், தலையால் நான்கு கோல் போட்ட அதே எடி ரெனால்ட்ஸ். கட்டி முடிக்கப் பணம் போதாமல் வந்தபோது வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஆதரவாளர்களே பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். 2020 நவம்பர் 3 திறப்பு ஆட்டம், டொன்காஸ்டரோடு 2-2. முதல் கோல் ஜோ பிகட். 29 வருசம் காத்திருந்து வந்த ஆட்டம், கொரோனாவால் ஒரு ஆதரவாளரையும் உள்ளே விடவில்லை. என்ன கொடுமை பாருங்கள்.

2022 இல் திரும்ப நாலாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2024 மார்ச்சில் எம்.கே. வந்தபோது ரோனன் கர்டிஸ் 94 ஆவது நிமிடத்தில் ஒரு கோல், 1-0. 2025 மே மாதம் வெம்ப்ளியில் வோல்சாலை 1-0 என்று வென்று திரும்ப ஏறினார்கள், கோல் மைல்ஸ் ஹிப்பொலைட். எம்.கே. அந்த சீசனில் அதே டிவிஷனில் 19 ஆவது.

கணக்குப்புலி:

டிக்கி கய், காமன் புல்வெளி, ரெனால்ட்ஸ் கேட் எல்லாம் படித்தேன். மனிதர்கள் தொடர்கிறார்கள், அது உண்மை. ஆனால் 2002-03 சீசனில் பழைய கிளப்பும் புதுக் கிளப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தன. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நான் "வாரிசு" என்று ஒப்புக்கொள்கிறேன், "அதே கிளப்" என்று இல்லை.

பழையபந்து:

வாரிசுக்குத்தான் சொத்து, கோப்பை வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு அது போதும்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:

ரூட்டிங்வாசி அண்ணா, அடுத்த வருஷம் ஆபீஸ் வேலையா லண்டன் வர்றேன். பிரீமியர் லீக் டிக்கெட் விலையைக் கேட்டாலே தலை சுத்துது. இங்கே கிடைக்குமா?

ரூட்டிங்வாசி:

மைதானமே 9,000 சொச்சம் இருக்கைதான், ஆனாலும் பெரும்பாலான ஆட்டங்களுக்கு முன்கூட்டியே பார்த்தால் கிடைக்கும். ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷனில் இறங்கினால் கிட்ட. எம்.கே. ஆட்டம் என்றால் மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே கிடைப்பதில்லை.